காய்ச்சலில் சாப்பிடவில்லை என்று இன்சுலினை நிறுத்தலாமா?

"அப்பாவுக்கு 61 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. மாத்திரையோடு இரவில் இன்சுலினும் போடுகிறார். போன வாரம் வைரல் காய்ச்சல். கஞ்சிதான் குடித்தார், ஆனாலும் சர்க்கரை 340. சரியாகச் சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நிறுத்தினோம். காய்ச்சல் விட்டும் 210-இல் நிற்கிறது. வைரஸ் கணையத்தை அழித்துவிடும் என்று இணையத்தில் படித்தேன். கண், கிட்னி போய்விடுமா? கஞ்சி கொடுத்தது தப்பா? நிலவேம்புக் கஷாயம் தரலாமா?"
- வாசகி, பெரம்பூர்

ஒரு வாரக் காய்ச்சலில் அப்பாவின் கணையம் அழிந்துபோகவில்லை அம்மா. தயவுசெய்து ராத்திரியில் இணையத்தில் தேடுவதை நிறுத்துங்கள். உடம்பு கிருமியோடு போராடும்போது கார்டிசால், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கும். அவை கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், இன்சுலினையும் சரியாக வேலை செய்யவிடாது. 340-க்கு முக்கியக் காரணம் அதுதான். கஞ்சி கொடுத்தது சரியே. காய்ச்சல் விட்ட பிறகும் சர்க்கரை இறங்கச் சில நாள் பிடிக்கும். கண்ணும் கிட்னியும் கெடுவது வருடக்கணக்கான சர்க்கரையால், நாலு நாள் சர்க்கரையால் அல்ல.

என் கவலை எல்லாம் நீங்கள் இன்சுலினை நிறுத்தியதில்தான். மழை தொடங்கினால் என் ஓ.பி.யில் வாரம் தவறாமல் இதைப் பார்க்கிறேன். காய்ச்சலில் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடும். அது போதாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரும். நிற்காத வாந்தி, வயிற்றுவலி, ஓடி வந்தவர்போல் ஆழமான வேக மூச்சு, கூப்பிட்டால் மந்தமாகப் பார்ப்பது: இவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான், அவசரப் பிரிவு இரவிலும் இருக்கும். குளுக்கோமீட்டர் 200-தானே காட்டுகிறது என்றும் இருந்துவிடாதீர்கள். அப்பாவின் மாத்திரைப் பெயரில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இருக்கிறதா பாருங்கள். இவற்றைச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே அமிலம் சேரலாம். சாப்பிட முடியாமல் வாந்தி எடுக்கும் நாட்களில் இவற்றையும் மெட்ஃபார்மினையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். அதை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் 'காய்ச்சலுக்கு ஒரு செட்' என்று வாங்கிக் கொடுத்தீர்களா? அப்படித் தரும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரையை ஏற்றிவிடும். வலி மாத்திரை இருந்தால், உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் கிட்னியைக் கெடுக்கும், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவுக்கும் வழி செய்யும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

நிலவேம்பை இன்சுலினுக்குப் பதிலாக நினைக்காதீர்கள்.

இன்றைக்கே அவருடைய மருத்துவருக்குப் போன் போட்டு, எந்த அளவில் இன்சுலினைத் தொடங்குவது என்று கேளுங்கள். பக்கத்து லேபில் சிறுநீரில் கீட்டோன் பார்த்துவிடுங்கள். சர்க்கரை பழைய நிலைக்கு வரும்வரை ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்து எழுதி வையுங்கள். 70-க்குக் கீழே இறங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.