மெத்தையை நனைக்கும் மிளகு

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தவரை எங்கள் மிளகு அடுப்பங்கரை மூலையில் வைத்த மரத்தூள் தட்டில்தான் எல்லாம் போவான். ஐந்து மாதக் கடுவன் குட்டி. ஒரு நாள் தவறியதில்லை. ஆவணியில் கோத்தகிரி டவுனுக்குள் வாடகை வீட்டுக்கு வந்தோம். மாமியாரும் எங்களோடு வந்துவிட்டார். வளைகாப்பு முடித்து, ஏழு மாதக் கர்ப்பிணியான மகளையும் அழைத்து வந்திருக்கிறோம். மிளகின் தட்டைப் பாத்ரூமுக்கு மாற்றி, கடையில் லாவெண்டர் வாசனை மணல் வாங்கிப் போட்டேன். இரண்டு வாரமாக மெத்தையிலும் கழற்றிப் போட்ட ஸ்வெட்டர் மேலும் ஒன்றுக்குப் போகிறான். ஒரு தடவை மிதியடியில் இரண்டுக்கும் போய்விட்டான். நாற்றம் போக மாமியார் தினமும் தண்ணீரில் யூகலிப்டஸ் தைலம் ஊற்றித் துடைக்கிறார். வீடு மாற்றியதற்குப் பழிவாங்குகிறான் என்கிறார். கணவரோ பழைய எஸ்டேட்டிலேயே கொண்டு விட்டுவிடலாம் என்கிறார். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையே கூடாது என்று பக்கத்து வீட்டில் வேறு பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்ய?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தத் தைலப் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நம் மலையில் தைலம் இல்லாத வீடு கிடையாது. சளிக்கும் அதுதான், கால் குடைச்சலுக்கும் அதுதான், வீடு துடைக்கவும் அதுதான். உங்கள் மாமியார் நல்லது நினைத்துத்தான் செய்கிறார். ஆனால் பூனைக்கு அது விஷம். இந்த மாதிரிப் பொருட்கள் நம் உடம்புக்குள் போனால் ஈரல் உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலில் அதற்கான நொதி போதிய அளவு கிடையாது. துடைத்த தரையில் மிளகு நடப்பான், தைலம் பாதத்தில் ஒட்டும், உட்கார்ந்து பாதத்தை நக்குவான், அத்தனையும் வயிற்றுக்குள் போகும். எச்சில் ஒழுகுவது, வாந்தி, தள்ளாட்டம், மந்தமாகச் சுருண்டு கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பினாயிலும் இப்படித்தான். மிளகு இருக்கும் வீட்டுக்கு இரண்டும் வேண்டாம்.

தைலம் செய்யும் இன்னொரு கெடுதலைச் சொல்கிறேன். மிளகு கதவு விளிம்பிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் சுரப்பிகள் இருக்கின்றன. தேய்க்கும் இடமெல்லாம் தன் வாசனையைப் பூசி, ‘இது எனக்குப் பழகின இடம்’ என்று தனக்கே அடையாளம் வைத்துக்கொள்கிறான். நமக்கு மூக்கில் ஏறாத அந்த வாசனைதான் அவனுக்கு வீடு. அதைத்தான் தினமும் விடிந்ததும் துடைத்து எடுத்துவிடுகிறீர்கள். ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி அவன் வீட்டைத் தனதாக்கிக்கொள்கிறான். விடிந்ததும் திரும்பவும் ஊர் தெரியாத ஆளாகிவிடுகிறான். நாய் ஆளோடு வரும், பூனை வீட்டோடு இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வீடும் போய், தட்டு இருந்த மூலையும் போய், மரத்தூளும் போய், புதிதாக இரண்டு ஆட்களும் வந்தால் ஐந்து மாதக் குட்டி என்ன செய்யும்?

உங்கள் மெத்தையைத் தேடி வந்திருக்கிறது. புது வீட்டிலேயே உங்கள் வாசனை அதிகமாக இருப்பது மெத்தையிலும் ஸ்வெட்டரிலும்தான். பயந்த குட்டிக்கு அங்கேதான் தைரியம் வருகிறது. பழிவாங்கும் யோசனையெல்லாம் பூனைக்கு ஓடாது, சகோதரி. அடிக்காதீர்கள். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்காதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் கண் முன்னால் போகவே பயந்து கட்டிலுக்கு அடியில் போகப் பழகிவிடுவான்.

ஆனால் மனசுதான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிடக் கூடாது. இந்த வாரமே ஒரு தடவை அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். வயிற்றுப் பூச்சியோ பேதியோ இருந்தால் தட்டுக்குப் போய்ச் சேரும்வரை அடக்க முடியாது. மிதியடி சம்பவம் அதனால்கூட இருக்கலாம். வீடு மாறின பதற்றத்திலேயே பூனைக்குச் சிறுநீர்ப்பை வீங்கி எரிச்சல் வருவதும் உண்டு. தட்டில் நின்று போகும்போது ஒரு தடவை வலித்தால் போதும், தட்டுதான் வலிக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பது இதற்கும் பொருந்தும்.

கடுவனாக இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டு வரவில்லை, கத்துகிறான், அடியிலேயே நக்கிக்கொண்டிருக்கிறான் என்றால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். கடுவனுக்கு அந்தக் குழாய் ரொம்பக் குறுகல். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். காலையில் பார்க்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள். கோத்தகிரியில் ஆள் கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையம் இறங்குங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

சரி, தட்டுக்கு வருவோம். என் கணிப்பில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் குன்னூர் வீட்டிலும் ஒரு கார்த்திகையில் இதே கதை நடந்தது. நான்கு வருடம் தட்டில் போய்க்கொண்டிருந்த பெட்டைப் பூனை திடீரென்று சோபாவில் போக ஆரம்பித்தாள். நான் திட்டினேன், விரட்டினேன். ஒரு நாள் அதிகாலையில் சத்தம் காட்டாமல் நின்று பார்த்தேன். தட்டுக்குப் போனாள். விளிம்பை முகர்ந்தாள். முன்னங்காலை ஒன்று உள்ளே வைத்தாள். உடனே வெளியே எடுத்து, தண்ணீரை மிதித்தவள் மாதிரி மூன்று தடவை உதறினாள். அப்படியே திரும்பிச் சோபாவுக்கு நடந்தாள். நான் போய் மரத்தூளைக் கையில் அள்ளிப் பார்த்தேன். சில்லென்று, பிழிந்தால் நீர் வரும் போல இருந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஜன்னல் வழியாக வந்த மூடுபனியே அதை நனைத்திருந்தது. அவளைத் திட்டியதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. காய்ந்த மணலைத் தோண்டி, போய், மூடும் பழக்கம் அங்கிருந்து வந்தது. நாம் இருப்பதோ சுமார் 6,000 அடி உயரத்தில். கூடலூர்ப் பக்கத்துக்கு ஆடி மழை என்றால் நம் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான். வெயில் முகமே பார்க்காத நாட்களில் பாத்ரூம் தரை ஐஸ் மாதிரி இருக்கும். அங்கே வைத்த தட்டில் மணல் ஈரம், மேலே யாராவது குளித்த தண்ணீர்த் தெறிப்பு, வாளி வைக்கும் சத்தம். ராத்திரி கதவும் சாத்தியிருக்கலாம். பக்கத்து அறையிலேயே காய்ந்த, மெத்தென்ற, கதகதப்பான ரஜாய். மிளகு எதைத் தேர்ந்தெடுப்பான் என்று நீங்களே யோசியுங்கள்.

அதனால் தட்டைப் பாத்ரூமிலிருந்து எடுங்கள். பழைய வீட்டைப் போலவே அடுப்பங்கரைப் பக்கம் ஒரு மூலை அமைந்தால் ரொம்ப நல்லது, சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தள்ளி. ஆள் நடமாட்டம் குறைவாகவும், பின்னால் சுவரும் முன்னால் ஓட வழியும் இருக்க வேண்டும். வாஷிங் மெஷின் பக்கத்தில் வேண்டாம். ஒரு தட்டு போதாது, இரண்டு வையுங்கள். எத்தனை பூனையோ அதற்கு மேல் ஒன்று என்பதுதான் கணக்கு. குட்டியாக வந்தபோது வாங்கிய தட்டு இப்போது சிறிதாகியிருக்கும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தட்டு வேண்டும். துணி ஊறவைக்கும் அகல டப்பில் ஒரு பக்கத்தை மட்டும் தாழ வெட்டிக்கொண்டால் போதும்.

லாவெண்டர் மணலை நிறுத்திவிடுங்கள். வாசனை நமக்காகப் போட்டது. பல பூனைகள் அதை ஒதுக்கும். பழைய மரத்தூளுக்கே திரும்புங்கள். தச்சுப் பட்டறையில் வாங்கும்போது என்ன மரம் என்று கேளுங்கள். கற்பூர மரத்துத் தூள் வேண்டாம், தைல மரம்தானே அது. பிளைவுட் தூளில் பசை இருக்கும், அதுவும் வேண்டாம். சன்னத் தூசியைச் சலித்துத் தள்ளிவிட்டு, மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் சாக்கில் பரப்பிக் காயவைத்துக்கொள்ளுங்கள், மழை நாளில் அடுப்புப் பக்கம். தட்டில் இரண்டு அங்குல ஆழம் இருக்கட்டும். காலை, மாலை இரண்டு வேளையும் அள்ளிவிடுங்கள். வாரம் ஒரு முறை முழுவதும் கொட்டி, வாசனையில்லாத சோப்பில் கழுவுங்கள். கழுவியதும் பழைய தூளில் ஒரு பிடியைப் புதுத் தூளின் மேல் தூவினால் இடத்தைத் தேட மாட்டான்.

மெத்தை விஷயம். நமக்கு நாற்றம் போனாலும் அவன் மூக்குக்கு அது அங்கேயே இருக்கும், திரும்பத் திரும்ப அங்கேதான் போவான். பழைய துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். அந்தத் துணியைத் தூக்கிப் போடாமல் தட்டுத் தூளில் ஒரு தடவை அமுக்கி எடுங்கள். எந்த இடம் எதற்கு என்று அவனுக்குப் புரியும். பிறகு நொதி கலந்த சலவைத் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, ஒற்றி, காயவிடுங்கள். செல்லப்பிராணிக் கறைக்கென்றே நொதிக் கரைசல் விற்கிறது, கிடைத்தால் இன்னும் நல்லது. அமோனியா வாடையுள்ள கிளீனர் மூத்திரம் போலவே மணக்கும், தொடாதீர்கள். பிளீச்சும் வேண்டாம், மூத்திரத்தோடு சேர்ந்தால் நெஞ்சைப் பிடிக்கும் வாயு வரும். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச் யாரிடமாவது இருந்தால் ராத்திரி விளக்கணைத்து அடித்துப் பாருங்கள். நீங்கள் கவனிக்காத பழைய திட்டெல்லாம் பளிச்சென்று தெரியும். மெத்தை காய நம் ஊரில் நாளாகும் என்பதால், அதுவரை மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

அந்த நாட்களில் மிளகுக்குச் சின்ன அறை ஒன்றை ஒதுக்குங்கள். ஒரு மூலையில் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், நடுவில் துவைக்காத உங்கள் பழைய ஸ்வெட்டர். அது தண்டனை அறை இல்லை. நீங்களும் போய் அவனோடு உட்காருங்கள். வேளை தவறாமல் சாப்பாடு கொடுங்கள். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலும் தூங்கி எழுந்ததும் குட்டிகள் போகும். அப்போது தட்டுப் பக்கம் தூக்கி விடுங்கள். காலைப் பிடித்துத் தோண்டவைக்க வேண்டாம். போனால் கன்னத்தைத் தடவிக் கொடுங்கள். அதே கன்னத்தில் மெல்லிய துணியால் துடைத்து, மற்ற அறைகளின் கதவு விளிம்பில், பூனை உயரத்தில் தேய்த்துவையுங்கள். ஒரு வாரம், பத்து நாள் பிசகாமல் போனால் ஒவ்வொரு அறையாகத் திறந்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது எல்லை குறிப்பது போலத் தெரியவில்லை. அது நின்றபடி, வால் நடுங்க, சுவரில் பீய்ச்சுவது. ஆனால் கடுவனுக்கு அந்த வயது நெருங்கிவிட்டது. மருத்துவரிடம் போகும்போதே கருத்தடை அறுவை சிகிச்சைக்கும் நாள் கேட்டுவிடுங்கள்.

மகள் விஷயத்தில் பயம் வேண்டாம், கவனம் போதும். பக்கத்து வீட்டில் சொல்வது டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி. பூனை மலத்தில் அது வெளிவரலாம். ஆனால் வெளிவந்த உடனே தொற்றாது, அதற்கு 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் அள்ளிவிட்டால் அந்த அவகாசம் அதற்குக் கிடைக்காது. அள்ளும் வேலை மகளுடையது இல்லை, அவ்வளவுதான். மிளகுக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். சரியாக வேகாத கறியும் தோட்டத்து மண்ணும்கூட இந்தக் கிருமி வரும் வழிதான். நம் வீடுகளில் கேரட்டைப் பிடுங்கி முந்தானையில் துடைத்து அப்படியே கடிப்போமே, பிரசவம் வரை மகள் அதை விட்டுவிடட்டும். சந்தேகம் இருந்தால் அவளுடைய மகப்பேறு மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

குழந்தை வந்ததும் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை போடுவீர்கள். மிளகின் அறையை மட்டும் விட்டுவிடுங்கள். தொட்டில் கட்டும் அறையில் அவனைத் தனியாக விடாதீர்கள்.

கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அண்ணா, அந்த எஸ்டேட்டில் இப்போது அவனுக்கு வீடு இல்லை. அடுப்பங்கரைக் கதவு பூட்டியிருக்கும், இல்லை வேறு யாரோ இருப்பார்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுவது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வளர்ந்த நாயையே தூக்கிக்கொண்டு போகிறது. கையில் சோறு வாங்கித் தின்ற ஐந்து மாதக் குட்டி எத்தனை ராத்திரி தாங்கும்? பசியிலும் தாகத்திலும் வதைபடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. எனக்காக ஒரு மாதம் பொறுங்கள்.

சகோதரி, இன்றையிலிருந்து ஒரு தாளில் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, எவ்வளவு, அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்று. மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். மூன்று வாரம் கழித்தும் மெத்தை நனைந்துகொண்டிருந்தால், தாளை அப்படியே எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.