முதல் டிரைவர் எது, அதை எப்படி எறிவது? டிஸ்க் கோல்ஃப் கேள்வி பதில்

டிஸ்க் கோல்ஃப் என்பது டிஸ்க் எனும் வட்டத் தட்டை எறிந்து, குறைந்த வீச்சுகளில் கூடையில் சேர்க்கும் ஆட்டம். கீழே சொல்லும் இடம் வலம் எல்லாம் வலது கையால் பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய், எறிபவருக்கு. இடது கைக்காரர்கள் மாற்றிப் படிக்கவும். இன்று டிரைவர், அதாவது தூரமாக எறிவதற்கான டிஸ்க், பற்றி மட்டும். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

ஆஸ்டின்: அண்ணா, விளையாட ஆரம்பித்து இரண்டு மாதம். நண்பர் சொன்னாரென்று இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் டிஸ்க் வாங்கினேன். எப்படி எறிந்தாலும் 180 அடியில் இடப்பக்கம் சரிந்து விழுகிறது. டிஸ்க்கில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. அதன் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களைப் பாருங்கள்: 12, 5, -1, 3. முதலாவது ஸ்பீடு. அந்த டிஸ்க் அதன் இயல்புப்படி பறக்க எவ்வளவு வேகத்தில் கையை விட்டுப் போகவேண்டும் என்பதற்கான அளவு அது. ‘இது இவ்வளவு வேகமாகப் போகும்’ என்ற உறுதிமொழி அல்ல. இரண்டாவது கிளைடு, காற்றில் தங்கும் தன்மை. மூன்றாவது டர்ன், வேகம் இருக்கும்வரை வலப்பக்கம் சாயும் அளவு. மைனஸ் கூடக் கூடச் சாய்வும் கூடும். நான்காவது ஃபேடு, வேகம் அடங்கியபின் இடப்பக்கம் இறங்கும் அளவு.

சுமார் 350 அடி எறியக்கூடியவர் கையில்தான் டெஸ்ட்ராயரின் -1 வெளிப்படும். 200 அடி எறிபவருக்கு டர்ன் நடக்கும் கட்டமே வராது. கையை விட்டதும் ஃபேடு தொடங்கிவிடும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். அதை எடுத்து வைத்துவிட்டு ஸ்பீடு 6 அல்லது 7-இல் டர்ன் உள்ள டிஸ்க் ஒன்று வாங்குங்கள். இன்னோவா லெப்பர்ட் (6, 5, -2, 1) நல்ல தொடக்கம். லேட்டிட்யூட் 64 என்ற நிறுவனத்தின் ரிவர் (7, 7, -1, 1) மிதந்து போகும். ஆனால் காற்றடித்தால் பிடிக்க முடியாது. லெப்பர்டை டிஎக்ஸ் என்ற பிளாஸ்டிக் வகையில் எடுங்கள். விலை குறைவு, பிடி நன்றாக இருக்கும். மரத்தில் பட்டுப் பட்டுத் தேயும்போது டர்ன் இன்னும் கூடும். ஆரம்பக்காரருக்கு அது உதவிதான்.

டொரன்டோ: டிஸ்க்கின் எடை 150 கிராமா, 175 கிராமா?

டிரைவர்களில் 175 என்ற எண் விதியிலிருந்து வருகிறது. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதிப்படி விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் எடை கூடாது. டிரைவரின் விட்டம் 21 சென்டிமீட்டரை ஒட்டி இருப்பதால் உச்ச எடை 175 பக்கம் வந்து நிற்கிறது. அது கனத்தின் எல்லை, உங்களுக்கான பரிந்துரை அல்ல. சிறுவர்களுக்கும் கைவேகம் குறைந்தவர்களுக்கும் 150. மற்றவர்கள் 160 முதல் 168 வரை எடுக்கலாம்.

எஸ்போ, பின்லாந்து: காட்டுக்குள் கோர்ஸ். ஓடி வந்து எறிந்தால் எங்கே போகிறது என்று தெரியவில்லை. காலடி எப்படி?

முதலில் ஓட்டத்தை விடுங்கள். நின்ற இடத்தில் எறியப் பழகாதவருக்கு ஓட்டம் பிழையைத்தான் பெரிதாக்கும்.

பக்கவாட்டில் நில்லுங்கள், வலது தோள் இலக்கை நோக்கி. கால்கள் தோளகலத்தைவிடச் சற்றே அகலம். எடையை இடது காலுக்கு மாற்றி, இடுப்பையும் தோளையும் பின்னால் திருப்புங்கள். அந்தத் திருப்பத்தோடு கை தானாகப் பின்னே நீளும். கையை மட்டும் நீட்டினால் பலம் வராது. அடுத்து எடை வலது காலில் இறங்க வேண்டும். இறங்கிய பிறகுதான் இழுப்பு. முழங்கை முன்னே வர, டிஸ்க் மார்பை ஒட்டி நேர்க்கோட்டில் வரவேண்டும். உடம்பைச் சுற்றி வளைந்து வந்தால் பிடி தாமதமாக விடுபட்டு வலப்பக்க மரத்தில் போய் அடிக்கும்.

எறிந்து முடிந்ததும் வலது குதிகாலில் சுழலுங்கள். பாதம் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஈரப் புல்லிலும் சொரசொரப்பான சிமென்ட் டீயிலும் (எறியத் தொடங்கும் இடம்) இதை மறக்காதீர்கள்.

இது பழகியபின் மூன்று காலடி சேருங்கள்: வலது, அதன் பின்னால் குறுக்கே இடது, மறுபடி வலது. நடக்கும் வேகமே போதும்.

முக்கியமானது மூக்கு, அதாவது இலக்கைப் பார்க்கும் விளிம்பு. அது தூக்கியிருந்தால் டிஸ்க் மேலே ஏறி, நின்று, இடப்பக்கம் விழும். செம்பிலிருந்து தண்ணீர் சாய்ப்பதுபோல் மணிக்கட்டைக் கீழே இறக்கிப் பிடியுங்கள். விளிம்பு உள்ளங்கை ரேகைக்குக் குறுக்கே படிய வேண்டும், விரல் நுனியில் தொங்கக்கூடாது.

டல்லாஸ்: டெஸ்ட்ராயர் வாங்கலாமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

டென்வர்: இங்கே எல்லாமே சீக்கிரம் இடப்பக்கம் போகிறது.

உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. டர்ன் குறைந்து ஃபேடு முந்திக்கொள்ளும். டர்ன் -3 உள்ளது எடுங்கள், உதாரணமாக லேட்டிட்யூட் 64 டைமண்ட் (8, 6, -3, 1). அதற்கு முன் மூக்கைப் பாருங்கள்.

சார்லட்: சார், நீங்கள் சொல்வது ஒத்துவரவில்லை. என்னிடம் எடை குறைந்த கட்டானா இருக்கிறது, 13, 5, -3, 3. லெப்பர்டைவிட 30 அடி அதிகம் போகிறது. நான் புதியவன்தான். பிறகு ஏன் தடுக்கிறீர்கள்?

நல்ல கேள்வி. உங்கள் அளவு பொய் என்று சொல்லவில்லை. எடை குறைந்து டர்ன் அதிகமானால் மெதுவான கையிலும் 13 ஸ்பீடு ஓரளவு பறக்கும். ஆனால் 30 அடி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். ஃபேடு 3 உள்ள டிஸ்க் சாய்ந்து தரையில் பட்டதும் வழுக்கி ஓடும். அது நீளமாகத் தெரியும். ஆனால் இடப்பக்கமாக ஓடிய நீளம். வெட்டவெளியில் இரண்டையும் ஐந்து ஐந்து முறை எறிந்து, முதலில் தரை தொட்ட இடத்தையும், நேர்க்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்பதையும் குறியுங்கள்.

சார்லட்: விலகினாலும் பரவாயில்லையே, எங்கள் கோர்ஸ் திறந்தவெளி.

எஸ்போ: எங்களுக்கு இரண்டு பக்கமும் பைன் மரம். 10 அடி விலகினாலே போச்சு!

இருவர் சொல்வதும் அவரவர் மைதானத்துக்குச் சரி. திறந்தவெளியில் கட்டானாவை எறியுங்கள், தடையில்லை. என் கவலை அது பழக்கிவிடும் கெட்ட பழக்கம். விளிம்பு அகலமான டிஸ்க்கைச் சிறிய கையால் இறுக்க முடியாது. பிடி நழுவாமலிருக்கப் பலமாக இழுப்பீர்கள், இழுக்கும்போது மூக்கு தூக்கும். தூக்கிய மூக்கை ஃபேடு மறைத்துவிடும், ‘டிஸ்க் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவீர்கள். லெப்பர்டில் மூக்கு தூக்கினால் அது மேலேறி நிற்பது கண்ணில் படும். எது பிழை என்று தெரிந்தால்தான் திருத்த முடியும்.

சார்லட்: அப்படியென்றால் எப்போது மாறலாம்?

லெப்பர்ட் தட்டையாக விட்டும் 250 அடி தாண்டி, முழு வேகத்தில் வலப்பக்கம் புரண்டு திரும்பி வராமல் போனால், ஸ்பீடு 7-இல் டீபேர்ட் (7, 5, 0, 2). அதுவும் நேராகப் போகத் தொடங்கினால் ஸ்பீடு 9. படிப்படியாக.

டொரன்டோ, வேறொருவர்: கிரிக்கெட் ஆடியவன். பக்கவாட்டில் பந்து எறிவதுபோல் ஃபோர்ஹேண்ட் சுலபமாக வருகிறது. எந்த டிஸ்க்?

ஃபோர்ஹேண்டில் சுழற்சி எதிர்த்திசை. ஃபேடு வலப்பக்கம் இறங்கும். மணிக்கட்டு உருண்டால் டிஸ்க் நடுங்கும்; டர்ன் உள்ளவை உடனே புரண்டுவிடும். டீபேர்டில் தொடங்குங்கள். உள்ளங்கை வானம் பார்க்க, முழங்கை விலாவை ஒட்டி, முழு வீச்சில் பாதி பலம். தோளைச் சூடேற்றாமல் முதல் டீயில் ஓங்கி எறியாதீர்கள்.

ஹூஸ்டன்: பாஸ் என்ற டிஸ்க் எப்படி? 13 ஸ்பீடு.

வேண்டாம். ஏன் என்று முதல் பதிலிலேயே சொல்லியாயிற்று.

சியாட்டில்: எதிர்க்காற்றில் லெப்பர்ட் கவிழ்கிறது.

எதிர்க்காற்றில் டர்ன் கூடும். கனமான டீபேர்டை, இடது விளிம்பு சற்றுத் தாழ, தாழ்வாக எறியுங்கள். பின்காற்றில் நேர்மாறு: லெப்பர்டை உயர்த்தி விடலாம்.

ஆஸ்டின்: கடைசியாக ஒன்று. ஐந்தாவது ஹோல் குளத்தைத் தாண்டுகிறது. டிரைவர் போய்விடுமோ என்று பயம்.

பெரும்பாலான டிரைவர்கள் மூழ்கும். இன்னோவாவின் பிளிஸார்ட் சாம்பியன் பிளாஸ்டிக்கில் காற்றுக் குமிழ்கள் உண்டு. அதில் எடை குறைந்தவை மிதக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வேகமான டிஸ்க்குகள், உங்களுக்கு இப்போது பொருந்தாது. நடுத்தரத் தூரத்துக்கான (மிட்ரேஞ்ச்) டிஸ்க்கான பஸ்ஸை (5, 4, -1, 1) கரையோரமாக எறிந்து ஒரு வீச்சு கூடுதலாக எடுங்கள். எல்லா டிஸ்க்கின் அடியிலும் தொலைபேசி எண் எழுதுங்கள். குளக்கரையில் நடைபாதை இருந்தால், கடைசி ஆள் கடந்து போகும்வரை எறியவே கூடாது.