சீன இலக்கணப் பக்கத்துல நாமளும் எழுதலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, சீன மொழி இலக்கணத்த தன்னார்வலர்கள் பல பேர் சேர்ந்து இணையத்துல விக்கி மாதிரி எழுதிக்கிட்டு வர்றத பத்தி ரெண்டு வரி சொல்லியிருந்தேன், கணக்கு ஆரம்பிச்சா யார் வேணாலும் பக்கத்த திருத்தலாம், உதாரணம் சேர்க்கலாம்னு. அதுக்கு நீலகிரி முழுக்க இருந்து இத்தன கேள்வி வந்தது ரொம்ப சந்தோஷம். புதுசா வர்றவங்க எழுதுறத பாத்து சரி பண்ணிக் கொடுக்குற வேலைல எனக்கும் பங்கு இருக்கறதால தெரிஞ்சத சொல்றேன். சீன ஒலிகள இங்க தமிழ் எழுத்துல உத்தேசமா தான் போட்டிருக்கேன், தொனி, அதாவது சொல்லோட அர்த்தத்தையே மாத்துற குரல் ஏற்ற இறக்கம், இதுல தெரியாது. தளத்துல எழுதும்போது சீன எழுத்தும் வேணும், தொனிக்குறி போட்ட பின்யினும், அதாவது சீன ஒலிய ஆங்கில எழுத்துல எழுதுற முறையும் வேணும்.

அக்கா, நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். ஆன்லைன்ல சீனம் படிச்சு எச்எஸ்கேங்கற சீன மொழித் தேர்வுல மூணாவது லெவல் பாஸ் பண்ணியிருக்கேன். இவ்ளோ தெரிஞ்சவ போய் இலக்கணம் எழுதலாமா?
மாணவி, குன்னூர்

தாராளமா வாம்மா. பழைய ஆறு லெவல் கணக்குல மூணாவதுன்னா 600 சொல் தெரிஞ்சிருக்கணும், அது போதும், ஆனா விதி எழுதுறதுக்கு இல்ல, உதாரண வாக்கியம் எழுதுறதுக்கு. இத நான் சும்மா ஆறுதலுக்கு சொல்லல, ஒரு இலக்கணப் பக்கத்தோட உயிரே உதாரணம் தான். விதிய யாராவது ஒருத்தர் ஒரு தடவ ஒழுங்கா எழுதிட்டா முடிஞ்சுது, ஆனா அந்த விதி உள்ள இறங்குற மாதிரி பத்து வாக்கியம் வேணும், அந்த பத்தும் அந்தப் பக்கத்தோட லெவலுக்கு ஏத்த சொல்லா இருக்கணும், இதுல தான் பெரிய பெரிய ஆளுங்களே சறுக்குறாங்க, ஏன்னா அவங்களுக்கு எந்தச் சொல் கஷ்டம்னு மறந்தே போச்சு. உனக்கு மறக்கல. ஏ1ங்கற ஆரம்ப லெவல் பக்கத்துல "பொருளாதாரம்"னு ஒரு சொல் வந்தா படிக்கிற புள்ள அங்கயே நின்னுடும், அப்புறம் எங்க இலக்கணத்த கவனிக்கறது.

அதனால ஒரு வாக்கியத்துல ஒரு புது விஷயம் மட்டும் வை. அளவைச் சொல், அதாவது எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவுல வர்ற சொல் பத்தின பக்கம்னா "யி பெய் சா", ஒரு கப் டீ, "லியாங் பன் ஷூ", ரெண்டு புத்தகம், இப்படி. குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு மலை ரயில்ல போனேன்னு எழுத ஆசையா தான் இருக்கும், ஆனா நம்ம ஊர் பேர சீன எழுத்துல போட்டா படிக்கிறவங்களுக்கு அந்த எழுத்துகளே ஒரு தடங்கல், ஊர் வேணும்னா பெய்ஜிங் ஷாங்ஹாய்னு வச்சுக்கோ. மழை, சந்தை, பஸ், தங்கச்சியோட சண்டை, இதெல்லாம் எங்கயும் உண்டு, தைரியமா வை.

இன்னொன்னு, நீ சமீபத்துல பண்ணின தப்பெல்லாம் பெரிய சொத்து. பக்கத்துல "வழக்கமா வர்ற தப்புகள்"னு ஒரு பகுதி இருக்கும். "அவன் உயரம்"னு சொல்ல "தா ஷிர் காவ்"னு எழுதுறது, இங்கிலீஷ்ல இருக்கற "இஸ்" மண்டைல உக்காந்துக்கிட்டு பண்ற வேலை, சரியானது "தா ஹன் காவ்". அதே மாதிரி ரெண்டு பேர்னு சொல்ல "அர் க ரன்", அதுவும் தப்பு, "லியாங் க ரன்" தான். இந்தத் தப்பெல்லாம் பெய்ஜிங்ல பொறந்தவங்களுக்கு தோணவே தோணாது. தப்பு வாக்கியத்துக்கு தளத்துல இருக்கற தப்புக்குறிய மறக்காம போடு, இல்லேன்னா அதையே மனப்பாடம் பண்ணிட்டு போயிடுவாங்க. சீனம் தாய்மொழியா இருக்கறவங்க ஒருத்தர் பாத்து சரின்னு சொன்ன பிறகு சேமி, அதுல மட்டும் விட்டுக்கொடுக்காத.

சீன மொழிக்கு இலக்கணமே கிடையாதுன்னு சொல்றாங்களே, அப்புறம் என்னத்த எழுதுறீங்க?
பச்சைத் தேயிலை ஏஜெண்ட், எடப்பள்ளி

வினைச்சொல் மாறாது, வந்தான் வந்தாள் வந்தார்கள் எல்லாத்துக்கும் ஒரே "லாய்" தான், அத பாத்துட்டு இலக்கணமே இல்லன்னு சொல்லிட்டாங்க. அந்த வேலைய சொல் வரிசையும் சின்னச் சின்ன உதவிச் சொற்களும் பாத்துக்குது அண்ணா. அந்த உதவிச் சொற்கள விளக்குற நூல்கள் சீனாவுல பல காலமா இருந்துச்சு, ஆனா மொத்த இலக்கணத்தையும் ஒழுங்கா அமைச்சு சீனர் ஒருத்தரே எழுதினது 1898ல தான் வந்துச்சு, மா ஜியான்ஜோங்னு ஒரு அறிஞர், அவர் லத்தீன் இலக்கணத்த அச்சா வச்சுக்கிட்டு எழுதினார். அந்த ஐரோப்பிய சட்டை சீனத்துக்கு எங்க பொருந்துது எங்க இழுக்குதுன்னு இன்னைக்கும் வாதம் ஓடுது, அதனால எழுத வேண்டியது நிறையவே இருக்கு.

மேடம், நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். "லெ" என்பது இறந்தகாலத்தைக் காட்டும்னு தெளிவா ஒரு பத்தி சேர்த்தேன். மறுநாள் பார்த்தா காணோம், பழையபடி மாத்தி வச்சிருக்காங்க. இப்படியா புதியவர்களை வரவேற்பது?
கோத்தகிரி வாசகர்

மனசு கஷ்டப்பட்டது புரியுது சார், காரணம் சொல்லாம எடுத்திருந்தா அது அவங்க தப்பு தான், திருத்தினவங்க ஒரு வரி எழுதியிருக்கணும். முதல்ல அந்தப் பக்கத்தோட வரலாறு பாருங்க, யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு அங்க இருக்கும், நீங்க எழுதின பத்தியும் அழியாம அங்கயே இருக்கும். அதுக்கு பக்கத்துல காரணம் ஒரு வரி இருந்தாலும் இருக்கும்.

ஆனா விஷயத்துல அவங்க பக்கம் தான் நான் நிக்கறேன் சார். "லெ" காலத்த காட்டறது இல்ல, செயல் முடிஞ்சத காட்டுது, இல்லேன்னா நிலைமை மாறினத காட்டுது. "மிங்தியன் வோ ஷியா லெ க ஜியோ லாய்"னு ஒரு வாக்கியம் பாருங்க, நாளைக்கு கிளாஸ் முடிஞ்சதும் வந்துடுறேன்னு அர்த்தம். நாளைக்குன்னு தான் ஆரம்பிக்குது, உள்ள "லெ" இருக்கு. இறந்தகாலம்னு படிச்ச மாணவன் இத பாத்து குழம்பிப் போவான். இந்தப் பக்கம் "ஸுவோதியன் ஹன் லங்", நேத்து ரொம்ப குளிர், நடந்து முடிஞ்ச நேத்து தான், ஆனா "லெ" வரவே வராது. வாக்கியக் கடைசியில வர்ற "லெ" வேற, "ஷியா யூ லெ"ன்னா மழை வந்துடுச்சு, இதுக்கு முன்னாடி இல்ல இப்ப இருக்குன்னு. நம்மகிட்ட முடிச்சுட்டேன், வந்துடுச்சுன்னு "விடு" சேர்த்து பேசுறோமே, முழுசா அதேதான்னு சொல்ல மாட்டேன், ஆனா இறந்தகாலம்ங்கறத விட அது "லெ"வுக்கு ரொம்ப கிட்ட இருக்கு.

இனிமே இப்படி பண்ணுங்க சார். எழுத்துப்பிழை, தொனிக்குறி விட்டுப்போனது, புது உதாரணம் இதெல்லாம் கேக்காமலே பண்ணலாம். விளக்கத்தையே மாத்தணும்னா முதல்ல உரையாடல் பக்கத்துல "இத இப்படி மாத்தலாமா, இன்ன காரணம்"னு எழுதிட்டு சில நாள் பொறுங்க. பெருசா எழுதறத உங்க சொந்த மணல்தொட்டில, அதாவது சோதனைப் பக்கத்துல எழுதிப் பாருங்க, அங்க யாரும் கலைக்க மாட்டாங்க. ஒவ்வொரு தடவ சேமிக்கும்போதும் என்ன மாத்தினோம்னு சுருக்கம் போடுற கட்டம் இருக்கும், அத காலியா விடாதீங்க, அடுத்து வர்றவருக்கு நாம காட்டுற மரியாதை அது. நாப்பது வருஷமா வகுப்புல விளக்கின அனுபவம் உள்ளவங்க அங்க ரொம்ப கம்மி, தயவுசெஞ்சு விட்டுட்டு போயிடாதீங்க.

என்கிட்ட கம்ப்யூட்டர் இல்ல, போன் தான். மழை ஆரம்பிச்சா நெட்வொர்க்கும் போயிடும். முடியுமா அக்கா?
இல்லத்தரசி, மஞ்சூர்

முடியும்மா. நோட்ஸ்ல எழுதி வச்சுட்டு சிக்னல் வந்தப்ப ஒட்டுங்க, எடிட் பெட்டிலயே மணிக்கணக்கா எழுதாதீங்க, நடுவுல லைன் போனா அத்தனையும் போச்சு, அதுக்குள்ள வேற ஒருத்தர் அதே பக்கத்த மாத்தியிருந்தா முரண்பாடுன்னு வேற வந்து நிக்கும். ஒவ்வொரு பகுதியா சின்னச் சின்னதா சேமிங்க.

போன்ல பின்யின் கீபோர்டு சேத்துக்கிட்டா ஒலிய அடிச்சு எழுத்த தேர்ந்தெடுக்கலாம், "சுருக்கின எழுத்து"ன்னு இருக்கறத எடுங்க, தைவான் ஹாங்காங் எழுத்த கலக்க வேண்டாம். இதுல ஒரு கண்ணி இருக்கு. "தெ"ன்னு அடிச்சா ஒரே ஒலியில மூணு எழுத்து வரும், பெயருக்கு முன்னாடி வர்ற "தெ" ஒண்ணு, வினைக்கு முன்னாடி வர்றது ஒண்ணு, வினைக்குப் பின்னாடி வர்றது ஒண்ணு. சாதாரண அரட்டைல சீனர்களே மாத்திப் போட்டுடுவாங்க, இலக்கணப் பக்கத்துல மாத்திப் போட்டா அந்தப் பக்கமே வீண். முற்றுப்புள்ளி கூட சீனத்துல ஒரு குட்டி வட்டம், நம்ம புள்ளி இல்ல. தொனி மாற்றத்தையும் கவனிங்க, வணக்கம்னு சொல்ற "நி ஹாவ்"ல முதல் சொல் பேசும்போது ரெண்டாம் தொனியா மாறும், ஆனா எழுதும்போது மூணாம் தொனியாவே போடுறது தான் வழக்கம். இல்லன்னு மறுக்குற "பு"வுக்கு மாறின தொனிய போடுறதா வேண்டாமான்னு தளத்துக்கு தளம் வித்தியாசம், அங்க இருக்கற பழைய பக்கத்த பாத்து அதே மாதிரி போடுங்க.

ஏஐ கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல நூறு உதாரணம் தருது. அப்படியே போடலாமா?
இளைஞர், ஊட்டி

வேண்டாம் தம்பி. அது தர்ற வாக்கியத்துல பாதிக்கு மேல இலக்கணப்படி சரியா தான் இருக்கும், ஆனா அப்படி யாராவது பேசுவாங்களாங்கறது தான் கேள்வி, அத சொல்ல உங்களுக்கும் எனக்கும் தகுதி இல்ல, சீனம் பேசி வளந்தவங்களுக்குத் தான் உண்டு. நூறு வாக்கியத்த கொட்டினா அதையெல்லாம் பாக்குற ஆளுக்கு ஒரு வாரம் போயிடும். நீங்களே யோசிச்ச மூணு வாக்கியம் கொடுங்க, அது போதும். பாடப்புத்தகத்துல இருந்து அப்படியே எடுத்துப் போடுறதும் கூடாது, அது காப்புரிமை உள்ளது.

எங்க நடுவட்டத்துல ஒரு காலத்துல சீனர்கள் இருந்தாங்கன்னு தாத்தா சொல்வார். அவங்க பேசினதும் இந்தப் பக்கங்கள்ல வருமா?
நடுவட்டம் வாசகர்

தாத்தா சொன்னது உண்மை. ஜலசந்திக் குடியேற்றங்கள்ல, அதாவது சிங்கப்பூர் பினாங்கு பக்கம், ஜெயில்ல இடம் போதாம சீனக் கைதிகள இங்க அனுப்பினாங்க, நடுவட்டத்துல, கொய்னா மருந்து எடுக்குற சின்கோனா மரத் தோட்டத்துல வேலை வாங்கினாங்க. அப்புறம் சிலர் இங்கயே தங்கி, தமிழ்ப் பெண்கள கல்யாணம் பண்ணிக்கிட்டு, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவுல காபி பயிர் பண்ணினத எட்கர் தர்ஸ்டன்ங்கற ஆய்வாளர், தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பத்தி 1909ல வந்த அவரோட தொகுதியில எழுதி வச்சிருக்கார். ஆனா இந்த இலக்கணப் பக்கங்கள் புதோங்ஹுவா, அதாவது இன்னைக்கு சீனாவுல பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்ற பொதுமொழிக்கு மட்டும். கான்டனீஸ், ஹொக்கியன் மாதிரி தெற்குச் சீனப் பேச்சுகள் எல்லாம் வேற இலக்கணம், அந்தக் குறிப்புகள இதுல சேர்க்கக் கூடாது.

தமிழ் தெரிஞ்சவங்களுக்கு சீனம் படிக்க ஏதாவது சாதகம் இருக்கா? அத அந்தத் தளத்துல எழுதலாமா?
வாசகி, கூடலூர்

இந்தக் கேள்விக்காக தான் காத்துக்கிட்டு இருந்தேன். நாம பெரும்பாலும் இங்கிலீஷ் வழியா சீனம் படிக்கிறோம், அதுல தேவையில்லாம ரெண்டு தடவ கஷ்டப்படுறோம். "நேத்து வாங்கின டீ"ங்கறத சீனத்துல "ஸுவோதியன் மாய் தெ சா"ன்னு அப்படியே சொல்லுக்கு சொல் நம்ம வரிசைலயே சொல்லலாம், இங்கிலீஷ்ல தான் டீய முன்னாடி கொண்டு வந்து தலைகீழா திருப்பணும். "வோ பு ச்சூ"ன்னா போகமாட்டேன், "வோ மெய் ச்சூ"ன்னா போகல, இந்த வித்தியாசம் நமக்கு பொறந்ததுல இருந்து தெரியும். வடக்குச் சீனப் பேச்சுல கேக்குறவரையும் சேத்துக்கிட்டா "ஸான்மன்", நம்ம நாம், அது இல்லாம பொதுவா "வோமன்". அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்கு தனித்தனி சொல்லும் இருக்கு. வினைய கடைசில வைக்குற நம்ம பழக்கம் மட்டும் அங்க செல்லாது, அத விடணும்.

ஆனா இத இங்கிலீஷ்ல இருக்கற பொதுப் பக்கத்துக்குள்ள போடாதீங்க, பிரேசில்ல இருந்து படிக்கிறவருக்கு அது புரியாது. தமிழ்ல தனிப் பக்கமா தொடங்கலாமான்னு தளத்த நடத்துறவங்ககிட்ட உரையாடல் பக்கத்துல கேளுங்க, எந்த உரிமத்துல வெளியிடுறாங்கன்னு பாருங்க, கிரியேட்டிவ் காமன்ஸ் மாதிரி இருந்தா மூலத்த குறிப்பிட்டு மொழிபெயர்க்க பெரும்பாலும் இடம் இருக்கும். "பு", "மெய்" ரெண்டையும் வச்சு முதல் பக்கம் எழுதிப் பாருங்க, எனக்கும் அனுப்புங்க, சீனம் தாய்மொழியான ஒருத்தர்கிட்ட காட்டி திருத்தி வாங்கித் தர்றேன்.