சார்ஜ் மெமோ எழுதிய வழக்கறிஞரே விசாரணை அதிகாரியாகவும் அமரலாமா?

கேள்வி: அம்பத்தூரில் 62 பேர் வேலை செய்யும் உதிரிபாகத் தொழிற்கூடம் நடத்துகிறோம். ஸ்டோர்ஸில் 9 ஆண்டுகளாக இருக்கும் தொழிலாளி ஒருவர் செம்புக் கழிவை டிபன் பையில் வைத்து வெளியே கொண்டுபோகும்போது வாசலில் பிடிபட்டார். சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை), விசாரணை, தொழிலாளர் நீதிமன்றம் என எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் தானே முடித்துத் தருவதாக எங்கள் வழக்கறிஞர் சொல்கிறார். எங்கள் பி.எஃப். கன்சல்டன்ட், விசாரணையே தேவையில்லை, ராஜினாமா எழுதி வாங்கிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? சம்பள உயர்வு கேட்டுச் சங்கம் கொடுத்த மனு ஒன்றும் தொழிலாளர் அலுவலர் முன் சமரசப் பேச்சில் இருக்கிறது.

பதில்: இருவர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டாம். வழக்கறிஞர் சொல்வதில் பாதி சரி. கன்சல்டன்ட் சொல்வதில் எதுவும் சரியில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வாக்கியத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்; இந்த விவகாரத்தில் உங்களைக் கவிழ்க்கக்கூடியது அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிர்வாகத்திடம் கட்டணம் வாங்கும் வழக்கறிஞர் உள்விசாரணை அதிகாரியாக இருக்கலாம். அது ஒன்றே பாரபட்சம் ஆகிவிடாது என்று 1964-ஆம் ஆண்டிலேயே சரண் மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. தொழிலாளி வழக்குப் போட்டால், தொழிலாளர் நீதிமன்றம் பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்ளும் கேள்வி, உள்விசாரணை முறையாக நடந்ததா என்பது. அதற்குச் சாட்சிக் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டியவர் விசாரணை அதிகாரி. சாட்சியாகக் கூடியவர் அதே வழக்கில் வழக்கறிஞராக வாதாடக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. ஆக, உங்கள் வழக்கறிஞர் விசாரணை அதிகாரியாக உட்கார்ந்தால் நீதிமன்றத்தில் உங்களுக்கு வேறு வழக்கறிஞர் வேண்டும். போதாக்குறைக்கு, சார்ஜ் மெமோவையும் அவரே எழுதியிருந்தால், குற்றம் சாட்டியவரே தீர்ப்பும் எழுதினார் என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கேட்கும் முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது.

விசாரணையில் நிர்வாகத் தரப்பை எடுத்துவைக்கும் வேலையையும் அவரிடம் கொடுக்காதீர்கள். நிர்வாகத்தின் சார்பில் சட்டம் படித்தவர் உட்கார்ந்தால், தொழிலாளி கேட்கும்போது அவருக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி தர வேண்டும். பம்பாய்த் துறைமுக வழக்கில் 1983-இல் வந்த தீர்ப்பு இது. உங்கள் ஹெச்.ஆர். அலுவலரோ ஸ்டோர்ஸ் மேலாளரோ அந்த இடத்தில் இருக்கட்டும். கேட்க வேண்டிய கேள்விகளை வழக்கறிஞர் முன்னதாக எழுதிக் கொடுக்கலாம். விசாரணை அதிகாரியாக, இந்த விவகாரத்தில் அதுவரை கை வைக்காத இன்னொரு வழக்கறிஞரை நியமியுங்கள். செலவு கொஞ்சம் கூடும், வேறு வழியில்லை.

சார்ஜ் மெமோ தமிழில் இருக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்த வாசல், எத்தனை கிலோ, பிடித்தவர் யார் என்பவை அதில் வர வேண்டும். 'நீங்கள் திருடியது நிரூபணமாகிவிட்டது, ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது' என்று தொடங்கும் மெமோக்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். விசாரணைக்கு முன்பே முடிவெடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் தானே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் அது. நான் நடத்திய ஒரு வழக்கில், விசாரணைக் குறிப்பேட்டின் நான்கு அமர்வுகளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் இருந்தன. மூன்றாவது அமர்வின் தேதி மாட்டுப் பொங்கல். தொழிலாளியின் வழக்கறிஞர் அந்த ஆண்டின் நாட்காட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வோர் அமர்வின் குறிப்பையும் அன்றைக்கே எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் தொழிலாளியிடமும் சாட்சியிடமும் கையெழுத்து வாங்கி, நகலை அப்போதே கொடுத்துவிடுங்கள். விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகலைக் கொடுத்து விளக்கம் கேட்ட பிறகே தண்டனையை முடிவு செய்ய வேண்டும் என்பது 1993-ஆம் ஆண்டு கருணாகர் வழக்கிலிருந்து நிலைத்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறுகள் சட்டத்துக்குப் பதிலாகத் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்ததால் இதெல்லாம் மாறிவிட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இவை இயற்கை நீதியிலிருந்து, அதாவது இரு தரப்பையும் நேர்மையாகக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்ற அடிப்படைக் கோட்பாட்டிலிருந்து வந்தவை.

இனி ராஜினாமா. கன்சல்டன்ட்டுகள் இதை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்றால், ஒரே மாலையில் வேலை முடிந்து பில் போட்டுவிடலாம். கேட்டை மூடி, போலீஸ் என்ற சொல்லை இரண்டு முறை உச்சரித்து, எழுதி வாங்கிய ராஜினாமாவை மறுநாள் காலையிலேயே தொழிலாளி பதிவுத் தபாலில் மறுத்துவிடுவார். அதன் பிறகு உங்கள் கையில் விசாரணையும் இல்லை, சாட்சியமும் இல்லை. ஒன்பது ஆண்டு சர்வீஸ் உள்ளவரைக் காரணமில்லாமல் நீக்கிய நிர்வாகமாக நீங்கள் நிற்பீர்கள். வேலையில் சேரும்போதே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிவைக்கச் சொல்லும் கன்சல்டன்ட்டுகளும் உண்டு. உங்களிடம் அப்படித் தாள்கள் இருந்தால் இன்றே கிழித்துப் போடுங்கள். நீக்கப்பட்ட தொழிலாளி புகார் செய்தால் தொழிலாளர் அலுவலர் முன் நடக்கும் சமரசப் பேச்சில் வழக்கறிஞர் ஆஜராக முடியாது என்பது உண்மைதான்; பழைய சட்டத்திலும் அப்படித்தான். அந்த ஒரு விதியைக் காட்டியே, 'வக்கீல் வேண்டாம், ஆபீசில் நான் பேசிக்கொள்கிறேன்' என்று வியாபாரம் செய்கிறார்கள். பேசுவதற்கென்று தனியாகப் பணம் கேட்டால், அந்தப் பணம் எங்கே போகிறது என்று உங்களால் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் புகார் 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் தொழிலாளி நேரே நீதிமன்றம் போவார். அங்கே இந்தக் கன்சல்டன்ட்டின் தொலைபேசி அணைந்திருக்கும்.

இப்போது உங்கள் கடைசி வாக்கியம். சங்கத்தின் சம்பளக் கோரிக்கை சமரசப் பேச்சில் இருக்கும்போது, அதோடு சம்பந்தமே இல்லாத திருட்டுக்காக ஒருவரை டிஸ்மிஸ் செய்தாலும் ஒரு கூடுதல் கடமை உண்டு. டிஸ்மிஸ் உத்தரவு, ஒரு மாதச் சம்பளம், உத்தரவுக்கு ஒப்புதல் கேட்டுத் தொழிலாளர் அலுவலருக்கு மனு ஆகிய மூன்றும் ஒரே நடவடிக்கையாகப் போக வேண்டும். உத்தரவை இன்று கொடுத்துவிட்டுச் சம்பளத்தை அடுத்த மாதம் அனுப்பினால் செல்லாது. சம்பளத்தைக் கொடுத்துவிட்டு மனுவை மறந்தாலும் செல்லாது. ஒப்புதல் கேட்காத அல்லது ஒப்புதல் கிடைக்காத டிஸ்மிஸ், டிஸ்மிஸே ஆகாது. அவர் தொடர்ந்து வேலையில் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று 2002-இல் ஜெய்ப்பூர் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. திருட்டு நூற்றுக்கு நூறு நிரூபணமாகியிருந்தாலும் இந்த ஓட்டை உங்களை விடாது. அந்தத் தொழிலாளி பாதுகாக்கப்பட்ட தொழிலாளியாக அறிவிக்கப்பட்ட சங்க நிர்வாகி என்றால் ஒப்புதல் போதாது, முன் அனுமதியே வாங்க வேண்டும். திருட்டுக்கும் சம்பளப் பேச்சுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எரிச்சல்படுவது எனக்குப் புரிகிறது. சமரசப் பேச்சை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே, அது நிலுவையில் இருப்பதையே காரணம் காட்டி அடுத்த கதவையும் பூட்டும் இந்த அமைப்பைப் பற்றி எனக்கும் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை.

தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருந்தால் பிழைப்பூதியத்தை (அந்தக் காலத்துக்குச் சட்டப்படி தர வேண்டிய தொகையை) மாதாமாதம் கொடுங்கள். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். பாதிச் சம்பளத்தோடு முடிய வேண்டுமானால் 90 நாளுக்குள் விசாரணையை முடியுங்கள்.

வழக்கறிஞரோடு பேசிய கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரே கட்டணம் என்றால் எந்தக் கட்டம் வரை, யார் நேரில் ஆஜராவார் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்த எத்தனையோ முதலாளிகள், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்ட செய்தியை நீதிமன்ற அமீனா வந்து நின்ற பிறகே அறிந்தார்கள். வாய்தா தேதியை நீங்களும் குறித்து வையுங்கள். எதிருரையை (தொழிலாளியின் வழக்குக்கு உங்கள் தரப்பு தரும் எழுத்துப் பதிலை) தாக்கல் செய்வதற்கு முன் ஒருமுறை படியுங்கள்: உள்விசாரணை செல்லாது என்று நீதிமன்றம் கருதினால், குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே சாட்சி வைத்து நிரூபிக்க வாய்ப்பு வேண்டும் என்ற ஒரு வாக்கியம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். இதற்கெல்லாம் முன்னதாக, நாளைக் காலையில் சமரசக் கோப்பை எடுத்து, அடுத்த பேச்சுவார்த்தைத் தேதி என்ன, பாதுகாக்கப்பட்ட தொழிலாளிகள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு வழக்கறிஞருக்குத் தொலைபேசி செய்யுங்கள்.