காப்பகமா, வாடகைப் பணமா?

கே: வாடகை கட்ட வழியில்லாத ஏழைக் குடும்பங்களுக்கு அமெரிக்காவில் அரசே வாடகை கொடுக்கிறதாமே? அந்தப் பணத்தில் வீடில்லாதவர்கள் தங்க நாலு நல்ல காப்பகம் கட்டினால் செலவு மிச்சம்தானே?

ப: எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அங்கே 2010-ல் தொடங்கி, 12 இடங்களில் காப்பகத்தில் இருந்த 2,282 குடும்பங்களை வைத்து அரசே இதைச் சோதித்துப் பார்த்தது. குலுக்கல் முறையில் சிலருக்கு நீண்டகால வாடகை வவுச்சர் (வாடகையில் ஒரு பங்கை அரசு கொடுப்பதற்கான சீட்டு), சிலருக்குச் சில மாத வாடகை, சிலருக்கு இடைக்காலக் குடியிருப்பு, மிச்சப்பேருக்கு வழக்கமாகக் கிடைக்கும் உதவி மட்டும். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், மறுபடி வீடில்லாமல் அலைவது வவுச்சர் குடும்பங்களில்தான் வெகுவாகக் குறைந்திருந்தது. பிள்ளைகள் பள்ளி மாறுவது, புருஷனிடம் அடிபடுவது, சாப்பாட்டுத் திண்டாட்டம் எல்லாமே குறைவு. செலவோ, வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களுக்கு ஆனதைவிட சுமார் 9 சதவீதம்தான் கூடுதல், ஏனென்றால் வவுச்சர் கிடைக்காதவர்கள் காப்பகத்தில் மாதக்கணக்கில் தங்கியதற்கும் அரசுதானே செலவழித்தது! வவுச்சர் வாங்கியவர்கள் வேலைக்குப் போவது கொஞ்சம் குறைந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரம் அதைக் கேட்டே பத்துக் கடிதம் வரும்.

அப்புறம், இந்த வவுச்சர் முழு இலவசமும் இல்லை. குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகைக்குக் கொடுக்க வேண்டும், மீதி நேரே வீட்டுக்காரருக்குப் போய்விடும். குடித்தே தீர்த்துவிடுவார்கள் என்பவர்களுக்கு: காசு அவர்கள் கைக்கே வருவதில்லை. சிக்கல் வேறு இடத்தில். தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குத்தான் மத்திய அரசின் வாடகை உதவி கிடைக்கிறது, மற்றவர்கள் வருடக்கணக்கில் வரிசையில்.

கே: வரிசையில் நிற்பதற்குள் இருக்கிற வீடும் போய்விடுமே?

ப: சரியாகப் பிடித்தீர்கள். இங்கிலாந்தில் 2017-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள், 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 56 நாளுக்குள் வீடு போகும் நிலை என்றால் உள்ளூர் கவுன்சில் உடனே தலையிட்டாக வேண்டும். முன்பு இது 28 நாள். இரண்டு மாதம் கையில் இருந்தால் வீட்டுக்காரரிடம் பேசி பாக்கியைத் தவணையாக்கலாம், தீராவிட்டால் வேறு வீடாவது தேடலாம். சாமான்களைத் தெருவில் வைத்த பிறகு என்ன பேச முடியும்? ஆனால் குறைந்த வாடகை வீடே ஊரில் இல்லையென்றால் கவுன்சிலும் கைவிரித்துவிட்டுத் தற்காலிக அறையில்தான் தங்க வைக்கிறது, அந்தத் தற்காலிகமே சில குடும்பங்களுக்கு வருடக்கணக்கில் நீள்கிறது.