நடுவில் நிற்கும் ‘இட்’

கேள்வி: ‘டர்ன் ஆஃப் தி லைட்’ சரியென்றால், ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது மட்டும் ஏன் தவறு?

பதில்: விளக்கை அணைக்கச் சொல்லும் ‘டர்ன் ஆஃப்’ என்ற இந்த ஆங்கிலக் கூட்டுவினை (வினையும் ‘ஆஃப்’, ‘அப்’ போன்ற சிறு சொல்லும் சேர்ந்து ஒரு பொருள் தரும் ‘ஃப்ரேசல் வெர்ப்’), செயப்படுபொருளைத் தன் நடுவிலும் ஏற்கும் வகையைச் சேர்ந்தது என்பதால், ‘டர்ன் தி லைட் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘இட்’, ‘தெம்’, ‘மீ’ போன்ற பிரதிப்பெயர்கள் செயப்படுபொருளாக வரும்போது நடுவில் மட்டுமே நிற்க வேண்டும்; ஆகவே ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதே சரி. நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துச் செல்லுங்கள் என்பதற்கு ‘ப்ளீஸ் பிக் மீ அப் அட் தி ஸ்டேஷன்’ என்று சொல்வதும் இவ்விதிப்படியே.

‘லுக் ஆஃப்டர்’ அவ்வாறு பிரியாது. தாயைப் பராமரிக்கும் மகனைப் பற்றி ‘ஹி லுக்ஸ் ஆஃப்டர் ஹெர்’ என்றுதான் எழுத வேண்டும். பொருளை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு கூட்டுவினையையும் பிரதிப்பெயருடன் முழு வாக்கியமாகவே எழுதிப் பழகுங்கள்.