எத்தனை சிசி என்று கேட்கும் முன்

இம்ப்ளான்ட், அதாவது சிலிக்கோன் ஜெல்லோ உப்புநீரோ நிறைந்த பையை உள்ளே வைத்துச் செய்யும் மார்பகப் பெரிதாக்கல் அறுவையைப் பற்றி இம்முறை கடிதங்கள் குவிந்துவிட்டதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் வயது 29. என் தோழி ஒருத்தி சென்ற ஆண்டு 350 சிசி இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டாள். பார்ப்பவருக்கு அறுவை செய்ததே தெரியாத அளவுக்கு இயல்பாக அமைந்திருக்கிறது. எனக்கும் அதே 350 வேண்டும், ‘சி’ கப் அளவு வர வேண்டும் என்று சர்ஜனிடம் சொன்னேன். அவரோ அளவெடுத்துப் பார்த்துவிட்டு 275, மிஞ்சிப்போனால் 300 என்கிறார். இவ்வளவு துணிந்த பிறகு சின்னதாக வைத்துக்கொண்டு, பின்னால் ‘இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கேட்டிருக்கலாமே’ என்று வருந்த நேருமோ டாக்டர்?

பதில்: சிசி என்பது வெறும் கன அளவு. ஒரு சிசி ஒரு மில்லிலிட்டர். அதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை அகலமான தட்டில் ஊற்றினால் விரல் நுனி நனையும் ஆழத்துக்குப் பரந்து கிடக்கும். குறுகலான பாத்திரத்தில் ஊற்றினால் உயர்ந்து நிற்கும். உங்கள் தோழிக்கு மார்புக்கூடு அகன்றும், அறுவைக்கு முன்பே சொந்தச் சதை சற்றுக் கூடுதலாகவும் இருந்திருந்தால், 350 அவர் உடம்பில் அடங்கிப் போயிருக்கும். ஒடுங்கிய மார்புள்ளவருக்கு அதே 350 இடம் போதாமல் அக்குள் பக்கமாகவோ நடு நெஞ்சை நோக்கியோ தள்ளிக்கொண்டு நிற்கும்.

‘சி’ கப் என்பதும் அப்படித்தான். பிராவில் கப்பைக் குறிக்கும் எழுத்து, மார்புச் சுற்றளவைக் குறிக்கும் எண்ணோடு சேர்ந்தால்தான் பொருள் தரும். 34-சி, 36-பி இரண்டின் கப்பும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு உடையவை. போதாக்குறைக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். இன்ன கப் வரும் என்று அடித்துச் சொல்லி வாக்குக் கொடுக்கிற சர்ஜனைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

உங்கள் சர்ஜன் டேப்பையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு என்ன பார்த்திருப்பார் என்று சொல்கிறேன். முதலில் மார்பகத்தின் அடி அகலம், அதாவது நடு நெஞ்சுப் பக்கத்து விளிம்பிலிருந்து அக்குள் பக்கத்து விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்பது. இம்ப்ளான்ட்டின் விட்டம் இந்த அகலத்துக்குள் அடங்க வேண்டும். மேலே போர்த்தும் சதையின் பருமனுக்கும் அதில் இடம் விட வேண்டும். அடுத்ததாக, மார்பகத்தின் மேல் பகுதியில் தோலையும் சதையையும் சேர்த்து இரு விரலால் கிள்ளிப் பிடித்து, அந்த மடிப்பின் தடிமனை அளந்திருப்பார். அது 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், இம்ப்ளான்ட்டின் விளிம்பும் சுருக்கமும் வெளியே தெரியாமல் இருக்க அதை நெஞ்சுத் தசைக்கு அடியில் வைப்பதே பெரும்பாலும் நல்லது. பிறகு, தோலை முன்னோக்கி இழுத்து அது எவ்வளவு நெகிழ்கிறது என்று பார்த்திருப்பார். இந்த மூன்றும் சேர்ந்துதான் 275 என்ற எண்ணைத் தந்தன. அவருடைய கஞ்சத்தனம் அல்ல. அதே விட்டத்துக்குள் முன்புறம் குறைவாகவோ கூடுதலாகவோ எழும்பும் இம்ப்ளான்ட்டுகள் உண்டு. அதை ‘ப்ரொஃபைல்’ என்பார்கள். 275-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம் பல சமயம் அந்தத் தேர்வுதான்.

இந்த 25 சிசிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் பலரைப் பார்த்திருக்கிறேன். சமையலறையில் ஒரு மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர். இரண்டு கரண்டி கூட நிறையாத அந்த வித்தியாசத்தை உடை போட்ட பிறகு உங்களைத் தவிர வேறு எவராலும் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் உங்களாலும் முடியாது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அளவுக் குவளையில் 275 மில்லிலிட்டர் குறிவரை அரிசியை அளந்து, மெல்லிய நைலான் காலுறையில் கொட்டி முடிச்சுப் போட்டு, அப்படி இரண்டு செய்து, சற்றுப் பெரிய, மெத்தை வைக்காத பிராவுக்குள் வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் இருங்கள். கண்ணாடி முன் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பதால் பயனில்லை. மாடிப்படி ஏறுங்கள், குனிந்து செருப்பை மாட்டுங்கள், வேலைக்குப் போடும் உடையில் நடமாடுங்கள். மறுநாள் 350 வைத்து அதையே செய்யுங்கள். தோலுக்கு வெளியே வைப்பதும் உள்ளே வைப்பதும் ஒன்றாகத் தெரியாது என்பது உண்மைதான், தசைக்கு அடியில் போகும்போது அதே அளவு சற்று அமுங்கியே தெரியும். ஆனால் அந்தப் பருமனோடு நாள் முழுதும் இருப்பது எப்படி என்பதற்கு இதைவிட மலிவான ஒத்திகை கிடையாது. அடுத்த முறை சர்ஜனிடம் போகும்போது, உங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களின் படங்களில் பிடித்தவற்றையும், முக்கியமாகப் பிடிக்காதவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ‘இப்படி மட்டும் ஆகிவிடக் கூடாது’ என்று நீங்கள் சொல்லும் படம் அவருக்கு மிகவும் உதவும்.

வருந்த நேருமோ என்று கேட்டீர்கள். நேரலாம். அளவை மாற்றிக்கொள்ளும் விருப்பம் மறு அறுவைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. வீக்கம் வடிந்த பிறகு ‘இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரு பக்கத்து வருத்தமும் சமமல்ல. சின்னதைப் பெரிதாக்குவது ஒப்பீட்டளவில் எளிது. பெரிதைச் சின்னதாக்கப் போனால், அதற்குள் விரிந்துவிட்ட தோல் தானாகச் சுருங்காது. தூக்கித் தைக்கும் அறுவையும் அதன் தழும்புகளும் சேர்ந்து வரும். தவிர, அளவுக்கு மீறிய கனம் ஆண்டுக்கணக்கில் கீழ்ப்பக்கத் தோலை இழுத்து, மேல் மூடிய சதையை மெலிய வைக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 300-ஐத் தாண்ட மாட்டேன்.

கேள்வி: தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் வைத்து மூன்று வாரம் ஆகிறது. மார்பு கழுத்தெலும்பை நோக்கி ஏறி, பெட்டி போலச் சதுரமாக, கல்லாக நிற்கிறது. இடது பக்கம் வலதைவிட மேலே இருக்கிறது. அளவு தப்பிவிட்டதோ என்று அழுகையாக வருகிறது.

பதில்: மூன்றாவது வாரத்தில் அளவைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். வெட்டி விலக்கப்பட்ட தசை இறுகிக் கிடக்கிறது; வீக்கம் மேல் பக்கத்தில் தங்கியிருக்கிறது; கீழ்ப்பக்கத் தோல் இன்னும் நெகிழவில்லை. இவை மெல்ல மெல்லத் தளர்ந்து இம்ப்ளான்ட் கீழே இறங்கி அமர மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. எந்தக் கையை அதிகம் பயன்படுத்துகிறீர்களோ அந்தப் பக்கம் முந்தலாம், பிந்தலாம். அறுவைக்கு முந்தைய படத்தை எடுத்துப் பாருங்கள், அப்போதே இரண்டுக்கும் சிறு ஏற்றத்தாழ்வு இருந்திருக்கும். அநேகமாக எல்லாப் பெண்களுக்கும் அது உண்டு, இம்ப்ளான்ட் அதை அழித்துவிடாது. காம்பைச் சுற்றி மரத்துப் போவதும், திடீரென மின்சாரம் பாய்ந்தது போல் சுரீர் என்பதும் நரம்புகள் மீண்டு வரும்போது நடப்பவை. ஒரு சிலருக்கு உணர்வு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சர்ஜன் அனுமதிக்கும் வரை கனமான பொருளைத் தூக்காதீர்கள், குப்புறப் படுக்காதீர்கள், கம்பி வைத்த பிராவை ஆறு வாரமாவது தொடாதீர்கள். விலையுயர்ந்த பிராக்களை இப்போதே வாங்கிக் குவித்தால் பாதி வீணாகும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடுமென வீங்கினாலோ, சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ இந்தப் பொறுமை எல்லாம் பொருந்தாது. உள்ளே இரத்தம் சேர்வதோ நோய்த்தொற்றோ இருக்கலாம். அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

கேள்வி: என் மனைவி இந்த அறுவை செய்துகொள்ள விரும்புகிறாள். எந்த அளவு எடுப்பாக இருக்கும் என்று நான் அவளுக்குச் சொல்ல வேண்டும்?

பதில்: நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். சுமக்கப் போவது அவர். அறுவை முடிந்த முதல் வாரத்தில் அலமாரியின் மேல் தட்டிலிருந்து பொருள்களை எடுத்துத் தருவதற்கும், படுக்கையிலிருந்து எழும்போது முதுகில் கை கொடுப்பதற்கும் உடனிருங்கள், போதும்.

கேள்வி: எனக்கு 38 வயது. எட்டு ஆண்டுகளுக்கு முன் 450 சிசி சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். அப்போது பிடித்திருந்தது. இப்போது ஓட முடிவதில்லை, தோளில் பிராப் பட்டை பதிந்து வலிக்கிறது, எதிரே நின்று பேசுபவர்களின் பார்வை எங்கே போகிறது என்பதும் சலித்துவிட்டது. சில மாதங்களாக வலது பக்கம் இறுகியது போலவும் தோன்றுகிறது. எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

பதில்: இரண்டு பிரச்சினைகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இறுக்கத்தை முதலில் பார்க்க வேண்டும். உடம்பு எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டும். அது எல்லோருக்கும் நடப்பது. அந்த உறை சுருங்கி இம்ப்ளான்ட்டை நெருக்கத் தொடங்கும்போதுதான் மார்பு கெட்டிப்படுகிறது. பேக்கர் வகைப்பாடு என்று இதை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள்: முதல் படியில் மார்பு இயல்பாக மெத்தென்று இருக்கும், இரண்டாவதில் தொட்டால் சற்று இறுக்கம் தெரியும், மூன்றாவதில் உருவமே மாறித் தெரியும், நான்காவதில் வலியும் சேரும். மூன்றும் நான்கும் வழக்கமாக அறுவையில்தான் தீரும். உள்ளே இம்ப்ளான்ட் கிழிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உப்புநீர் இம்ப்ளான்ட் கிழிந்தால் ஓரிரு நாளில் மார்பு வற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். சிலிக்கோன் ஜெல் சத்தமில்லாமல் கிழிந்து கிடக்கும். அதனால்தான் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு முறையும், அதன் பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்கிறது. உங்களுக்கு அறிகுறியே இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

அறுவையன்று ஓர் அட்டை கொடுத்திருப்பார்களே, கம்பெனி, மாடல், வரிசை எண் எல்லாம் போட்டு. அதைத் தேடி எடுங்கள். மேற்பரப்பு வழுவழுப்பா, சொரசொரப்பா என்று அதில் தெரியும். சொரசொரப்பானவற்றோடு தொடர்புடைய, உறையில் உண்டாகும் அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் காரணமாக அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை 2019-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அறிகுறி இல்லாதவர்கள் பயந்துபோய் எடுத்துவிட வேண்டியதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பக்கம் புதிதாக வீங்கினாலோ கட்டி தென்பட்டாலோ, அந்த அட்டையோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி அளவு. இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 900 கிராம் சுமக்கிறீர்கள், அதை இறக்கி வைக்க நினைப்பதற்கு எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. 30 வயதில் பிடித்தது 38-இல் பிடிக்காமல் போனால் அன்று செய்த முடிவு தவறென்று ஆகிவிடாது. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளும் பொருளும் அல்ல. ஆண்டுகள் கூடக்கூட மறு அறுவைக்கான வாய்ப்பும் கூடும். சின்னதாக மாற்றிக்கொள்ளலாம், முற்றிலும் எடுத்துவிட்டுத் தூக்கித் தைத்துக்கொள்ளலாம், எடுத்துவிட்டு அப்படியே விடவும் செய்யலாம். மூன்றாவதைத் தேர்ந்தால், விரிந்த தோலும் மெலிந்த சதையும் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடாது. சற்றுத் தளர்ந்து, மேல் பக்கம் குழிந்து தெரியலாம். சில மாதங்களில் ஓரளவு தேறும். அந்த உருவத்தை முதல் நாள் கட்டு அவிழ்க்கும்போது தனியாக இருந்து பார்க்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

கேள்வி: இம்ப்ளான்ட் இருந்தால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கலாமா? அழுத்தும்போது உடைந்துவிடாதா?

பதில்: எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், உடைவது மிக அரிது. நேரம் குறிக்கும்போதே இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்லிவிடுங்கள், படம் எடுப்பவரிடம் மறுபடியும் சொல்லுங்கள். இம்ப்ளான்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, சொந்தச் சதையை மட்டும் முன்னிழுத்துக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள். வழக்கத்தைவிடச் சற்று நேரம் பிடிக்கும்.